டார்ச் விளக்கின் மாக்கூழும் லிதிய மின்கலமும்



டார்ச் விளக்கில் போடும் பழைய செல் ஒன்றைப் பிரித்துப் பார்த்தவர்கள் நம்மில் பலர் இருப்போம். மேலே காகித உறை. அதற்குள் துத்தநாகக் குவளை. நடுவே ஒரு கரிக்கோல். கோலைச் சுற்றிக் கறுப்புப் பொடி. பொடிக்கும் குவளைக்கும் இடையே வெண்மையாகக் கொழகொழவென்று ஒரு பசை இருக்கும். நவச்சாரம் கரைத்த நீரில் கோதுமை மாவையோ வேறு மாப்பொருளையோ சேர்த்துக் காய்ச்சிய கூழ்தான் அது. பிற்காலத்துச் செல்களில், இந்தக் கூழுக்குப் பதிலாகப் பசை தடவிய காகிதம் இடம்பெற்றது. காகிதமும் தாவரம் தந்த பொருளே அல்லவா?

அந்தக் கூழுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கலாம். எந்த மின்கலத்துக்கும் இரண்டு முனைகள் உண்டு. மின்சாரம் வெளியே கம்பி வழியாக ஒரு முனையிலிருந்து மற்றொரு முனைக்கு ஓடும்போது, கலத்தின் உள்ளே மின்னூட்டம் பெற்ற அணுக்கள், அதாவது அயனிகள், இக்கரையிலிருந்து அக்கரைக்குச் சென்றாக வேண்டும். அவற்றுக்கு வழிவிடும் பொருளையே மின்பகுளி என்கிறோம். அது அயனிகளைப் போகவிட வேண்டும். எலெக்ட்ரான்களை மட்டும் தடுத்து நிறுத்த வேண்டும். 1800-ம் ஆண்டில் இத்தாலிய விஞ்ஞானி வோல்ட்டா முதல் மின்கல அடுக்கை அமைத்தபோது, உப்புநீரில் நனைத்த துணி இந்த வேலையைச் செய்தது. டார்ச் செல்லில் மாக்கூழ் செய்தது.

இன்று விஞ்ஞானிகள் தாவரங்களிலிருந்தும் கடல்வாழ் உயிர்களிலிருந்தும் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு, லிதிய மின்கலங்களுக்குத் திடமான மின்பகுளி செய்ய முயன்று வருகின்றனர். பழைய மாக்கூழின் புதிய வாரிசு என்று அதைச் சொல்லலாம். ஆனால் அந்தக் கூழ் ஈரமாக இருந்ததால் வேலை செய்தது. வாரிசோ ஈரம் இல்லாமலே வேலை செய்தாக வேண்டும். இந்த முயற்சியின் கடினம் முழுவதும் அந்த ஒரு நிபந்தனையில் அடங்கியிருக்கிறது. அது எவ்வாறு என்பதை இன்று சற்று விரிவாகப் பார்ப்போம்.

லிதியம் உலோகங்களுக்குள் மிக இலேசானது. எலெக்ட்ரானை விட்டுக்கொடுப்பதில் மிகவும் விரைவானது. இந்த இரண்டு குணங்களும் சேர்ந்திருப்பதால், சிறிய எடையில் மிகுந்த சக்தியைச் சேமித்து வைக்க அது உதவுகிறது. ஜப்பானிய நிறுவனமான சோனி 1991-ம் ஆண்டில் லிதிய அயனி மின்கலத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதற்கு அடிப்படை வகுத்த ஸ்டான்லி விட்டிங்ஹாம், ஜான் குடினஃப், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-ம் ஆண்டில் ரசாயனத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. இன்று நம் சட்டைப்பையில் இருக்கும் கைபேசியும், தெருவில் ஓடும் மின் ஸ்கூட்டரும் இந்த வகை மின்கலத்தை நம்பியே இயங்குகின்றன.

டார்ச் செல் தருவது ஒன்றரை வோல்ட். லிதிய மின்கலம் தருவதோ ஏறக்குறைய 3.7 வோல்ட். இவ்வளவு மின்னழுத்தத்துக்கு இடையில் நீர் தாக்குப் பிடிக்காது. ஹைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் பிரிந்துவிடும். ஆகவே லிதிய மின்கலத்தில் நீருக்கு இடமே இல்லை. அதற்குப் பதிலாகக் கார்பனேட் வகையைச் சேர்ந்த கரிமத் திரவங்களில் லிதிய உப்பைக் கரைத்து ஊற்றுகிறார்கள். அயனிகள் அத்திரவத்தில் தடையின்றி நீந்துகின்றன. ஆனால் அத்திரவம் எளிதில் தீப்பற்றக் கூடியது. சக்தியைச் சேமிக்கும் பெட்டிக்குள்ளேயே எரிபொருளையும் வைத்து மூடியிருக்கிறோம் என்பதே உண்மை.

இதில் நேரும் ஆபத்து எப்படிப்பட்டது? கலத்தின் இரு முனைகளுக்கும் நடுவே, தலைமயிரை விட மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு ஒன்று இருக்கிறது. மிக விரைவாக மின்னேற்றம் செய்யும்போதோ, கடுங்குளிரில் மின்னேற்றம் செய்யும்போதோ, லிதியம் சீராகப் படியாமல் ஊசி ஊசியாகவும் கிளை கிளையாகவும் வளர்வதுண்டு. அத்தகைய ஓர் ஊசி சவ்வைத் துளைத்து எதிர்ப்புறத்தைத் தொட்டுவிட்டால், உள்ளேயே குறுக்குச் சுற்று ஏற்படுகிறது. சூடு ஏறுகிறது, திரவம் ஆவியாகிறது, ஆவி தீப்பற்றுகிறது. விபத்து நேர இது ஒரு வழி. அடிபடுதலும், மட்டமான தயாரிப்பும், அளவுக்கு மீறிய மின்னேற்றமும் வேறு வழிகள். 2022-ம் ஆண்டில் நம் நாட்டில் மின் ஸ்கூட்டர்கள் பல ஊர்களில் தீப்பற்றி எரிந்த செய்திகளை நாம் மறந்துவிடவில்லை. அவ்வாண்டு டிசம்பர் முதல் மின்வாகனக் கலங்களுக்குக் கடுமையான பாதுகாப்பு விதிகள் நடைமுறைக்கு வந்தன. விதிகள் தேவையே. எனினும், உள்ளே இருக்கும் திரவத்தையே மாற்ற முடியுமா என்பது விஞ்ஞானிகள் நெடுநாளாகக் கேட்டுவரும் கேள்வி.

திரவத்துக்குப் பதிலாகத் திடப்பொருளை வைத்தால் கசிவு இல்லை, ஆவி இல்லை, ஊசிகளுக்கு எதிரே ஒரு சுவரும் கிடைக்கும். ஆனால் திடப்பொருளுக்குள் அயனி எப்படி நகரும்? கட்டடம் கட்டும் இடத்தில் சித்தாட்கள் வரிசையாக நின்று செங்கல்லைக் கைமாற்றுவதை நாம் பார்த்திருக்கிறோம். ஆட்கள் நின்ற இடத்திலேயே நிற்பார்கள். அவர்கள் கைகள் மட்டும் அசையும். கல் மேலே போய்ச் சேரும். சில பாலிமர்களில், அதாவது நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகளால் ஆன பொருள்களில், லிதிய அயனி இப்படித்தான் பயணம் செய்கிறது. சங்கிலியில் இடையிடையே இருக்கும் ஆக்ஸிஜன் அணுக்கள் அதைப் பிடித்துக்கொள்கின்றன. சங்கிலி அசையும்போது ஓர் ஆக்ஸிஜன் விட, அடுத்த ஆக்ஸிஜன் ஏந்திக்கொள்கிறது.

பாலி எத்திலீன் ஆக்சைடு என்னும் பாலிமர் இப்படி உப்பைத் தன்னுள் ஏற்று மின்சாரத்தைக் கடத்தும் என்பதை, 1973-ம் ஆண்டில் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் பீட்டர் ரைட்டும் அவருடைய தோழர்களும் வெளியிட்டனர். இதை மின்கலத்துக்குப் பயன்படுத்தலாம் என்று 1978-ம் ஆண்டில் பிரெஞ்சு விஞ்ஞானி மிஷெல் ஆர்மான் எடுத்துரைத்தார். அன்று தொடங்கிய ஆராய்ச்சி இன்றும் தொடர்கிறது.

தொடரக் காரணம் உண்டு. அந்தப் பாலிமர் ஏறக்குறைய 65 டிகிரி சென்டிகிரேடில் உருகுகிறது. அதற்குக் கீழே அதன் சங்கிலிகளில் பெரும்பகுதி படிகமாக இறுகிப்போகிறது. சித்தாட்கள் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்பதுபோன்ற நிலை அது. சாதாரண உஷ்ணநிலையில், திரவம் கடத்துவதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட அதில் தேறுவது கடினம். ஆகவே 60 டிகிரி முதல் 80 டிகிரி வரை சூடாக வைத்திருந்தால்தான் அது நன்றாக உழைக்கும். பாரிஸ் நகரில் 2011-ம் ஆண்டு முதல் 2018-ம் ஆண்டு வரை ஓடிய வாடகை மின்கார்களில் இத்தகைய பாலிமர் மின்கலங்களே இருந்தன. அவற்றைச் சூடாகவே வைத்திருக்க வேண்டியிருந்தது. நிற்கும் வண்டிக்கும் சூடு வேண்டும் என்றால், அதற்கும் சக்தி செலவாகிறது அல்லவா? அன்றியும் இந்தப் பாலிமரின் மூலப்பொருள் பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்தே வருகிறது.

இங்கேதான் இயற்கை தந்த பாலிமர்களின் நினைவு வருகிறது. ஆக்ஸிஜன் நிறைந்த நீண்ட சங்கிலிதான் வேண்டும் என்றால், அதை ஆலையில்தான் செய்ய வேண்டுமா? செடிகளும் கடல் உயிர்களும் அதைக் கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் செய்து வருகின்றனவே!

நாம் வாழும் ஊர்களைச் சுற்றிப் பார்த்தாலே போதும். ராஜஸ்தானத்தின் வறண்ட நிலத்தில் கொத்தவரை பெரும் பரப்பில் விளைகிறது. நாம் காயைப் பொரியல் செய்து உண்கிறோம். அவர்கள் விதையிலிருந்து பிசின் எடுக்கிறார்கள். மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் விளையும் பருத்தி, ஏறக்குறைய முழுவதுமே செல்லுலோஸ். கேரளத்துக் கடற்கரையில் உரித்து ஒதுக்கப்படும் இறால் ஓட்டிலிருந்து கைட்டின் கிடைக்கிறது. அதைக் காரத்தில் பக்குவப்படுத்தினால் கைட்டோசான் ஆகிறது. கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையம் இதன் தயாரிப்பு முறைகளை நெடுநாளாக ஆராய்ந்து வந்திருக்கிறது. மன்னார் வளைகுடாக் கரையில் ராமநாதபுரம் மாவட்டத்துப் பெண்கள் மூழ்கி எடுக்கும் கடற்பாசியில் அகர் இருக்கிறது. நாம் புளியைக் கரைத்த பின் எறிந்துவிடும் புளியங்கொட்டையில் இருக்கும் பசைப்பொருள், நெசவு நூலுக்குக் கஞ்சி போட உதவுவது பலருக்கும் தெரியும். இவை யாவும் சர்க்கரை வளையங்கள் சங்கிலியாகக் கோத்து அமைந்த பொருள்கள். ஒவ்வொரு வளையத்திலும் ஆக்ஸிஜன் அணுக்கள் பல உள்ளன. இவை அனைத்துமே மின்பகுளியாக ஆராய்ந்து பார்க்கப்பட்டுள்ளன. புளியங்கொட்டைப் பசையில் லிதிய உப்பைச் சேர்த்துத் தமிழ்நாட்டு ஆராய்ச்சியாளர்களே சோதனைகளை வெளியிட்டிருக்கிறார்கள்.

சோதனை செய்யும் முறை கூழ் வற்றல் போடுவதை ஒத்தது. பசைப்பொருளை நீரில் கரைத்து, அளவறிந்து லிதிய உப்பைச் சேர்த்து, நன்கு கலக்குகிறார்கள். வேண்டுமானால் சங்கிலிகள் இளகும் பொருட்டுச் சிறிது கிளிசரினும் சேர்க்கிறார்கள். தட்டையான கண்ணாடித் தட்டில் ஊற்றிக் காயவைத்தால், மெல்லிய ஏடு ஒன்று உரிந்து வருகிறது. அந்த ஏட்டை இரண்டு எஃகு வில்லைகளுக்கு இடையே அழுத்தி, மாறுதிசை மின்சாரம் செலுத்தி, அது எவ்வளவு கடத்துகிறது என்று அளக்கிறார்கள்.

கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. ஆனால் மூன்று இடையூறுகள் குறுக்கே நிற்கின்றன.

முதலாவது, இறுக்கம். சர்க்கரைச் சங்கிலிகளில் ஆக்ஸிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஹைட்ராக்சில் தொகுதிகள் நெடுகிலும் தொங்குகின்றன. பக்கத்துப் பக்கத்துச் சங்கிலிகள் இவற்றின் மூலமாக ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. மரம் நிமிர்ந்து நிற்பதும் பருத்தி நூல் உறுதியாக இருப்பதும் இந்தப் பிடிப்பினால்தான். ஆனால் அயனியைக் கைமாற்ற வேண்டிய கைகள் ஒன்றையொன்று கோத்துக்கொண்டிருந்தால் கல் எப்படி நகரும்? மரத்துக்கு வலிமை தரும் அதே பிடிப்பு இங்கே தடையாகிறது.

இரண்டாவது, ஈரம். இதே ஹைட்ராக்சில் தொகுதிகள் நீரை விரும்பி இழுப்பவை. நன்றாகக் காய்ந்தது என்று நாம் நினைக்கும் ஏட்டிலும் காற்றின் ஈரம் வந்து ஒட்டிக்கொள்ளும். மழைக்காலத்தில் மும்பையில் அப்பளம் நமத்துப் போவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. இந்த ஈரம் ஆராய்ச்சியாளரையே ஏமாற்றக் கூடியது. நமத்த ஏட்டை அளந்தால் மின்கடத்தல் மிக நன்றாகவே தோன்றும். ஆனால் கடத்துவது பாலிமரா, அதில் ஒளிந்திருக்கும் நீரா? டார்ச் செல்லின் மாக்கூழில் கடத்தியது நீரே. மாவு அதைத் தாங்கிப் பிடித்தது, அவ்வளவுதான். ஆகவே ஏட்டை வெற்றிடத்தில் சூடாக்கி உலர்த்திய பிறகு எடுத்த அளவே, லிதிய மின்கலத்தைப் பொறுத்தவரை பொருளுள்ள அளவாகும்.

மூன்றாவது, லிதியத்தின் சீற்றம். அதிக சக்திக்காக லிதிய உலோகத் தகட்டையே ஒரு முனையாக வைக்க வேண்டும் என்பது பலருடைய நோக்கம். அந்த உலோகம் ஹைட்ராக்சில் தொகுதியைத் தொட்டால் அதிலுள்ள ஹைட்ரஜனைப் பறித்துக்கொள்ள முயலும், மின்பகுளி சிதையும். ஆகவே அத்தொகுதிகளை வேறு ரசாயனத் தொகுதிகளால் மூடி மறைக்க வேண்டியிருக்கிறது. அப்படி மூடினால் முதல் இரண்டு இடையூறுகளும் ஓரளவு குறைகின்றன. ஆனால் ஒவ்வொரு ரசாயன மாற்றமும் செலவைக் கூட்டுகிறது. பொருளை அதன் இயற்கை நிலையிலிருந்தும் விலக்குகிறது.

இறுக்கத்தைத் தளர்த்துவதற்கு நல்லதொரு வழியை 2021-ம் ஆண்டில் அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் அப்போது பணியாற்றிய லியாங்பிங் ஹூ குழுவினர், பிரவுன் பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து காட்டினர். நேச்சர் இதழில் அது வெளியாயிற்று. செல்லுலோஸ் இழைகளைச் செம்பு கரைந்த காரநீரில் அவர்கள் ஊறவைத்தனர். செம்பு அயனிகள் சங்கிலிகளுக்கு இடையே புகுந்து, மரத்தைப் பிளக்க அடிக்கும் ஆப்பைப் போல அவற்றை விலக்கி நின்றன. விலகிய இடத்தில் லிதியம் செல்லக் குறுகிய வாய்க்கால்கள் உண்டாயின. பின்னர் நீரை அகற்றி லிதியத்தை உட்செலுத்தினார்கள். சாதாரண அறை உஷ்ணத்திலேயே, சங்கிலியின் திசையில், சென்டிமீட்டருக்கு 0.0015 சீமென்ஸ் அளவுக்கு அது கடத்திற்று. திரவ மின்பகுளியின் அளவு 0.01 சீமென்ஸுக்கு அருகில் என்று கொண்டால், ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு. ஆயிரத்தில் ஒரு பங்குக்குத் திண்டாடிய துறையில் இது பெரிய முன்னேற்றம்.

அதில் மற்றொரு நன்மையும் தெரிந்தது. உப்பில் லிதிய அயனியோடு அதன் துணையான எதிர் அயனியும் இருக்கிறது. இரண்டும் நகர்கின்றன, ஆனால் நமக்குப் பயன்படுவது லிதியத்தின் நகர்வு மட்டுமே. பாலி எத்திலீன் ஆக்சைடில் லிதியத்தின் பங்கு பெரும்பாலும் நூற்றுக்கு 20 என்ற அளவிலேயே நிற்கும். செம்பு சேர்ந்த செல்லுலோஸில் அது 78 ஆக உயர்ந்தது. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். செல்லுலோஸோடு இறுகப் பிணைந்த சிறிதளவு நீர் அதிலும் எஞ்சியிருந்தது. லிதியத்தின் ஓட்டத்துக்கு அந்த நீரும் துணை செய்தது. முற்றிலும் வறண்ட நிலையில் ஓட்டம் என்னும் குறிக்கோள் இன்னும் சற்றுத் தள்ளியே இருக்கிறது என்பதை இது நமக்கு உணர்த்துகிறது.

அடுத்த ஆண்டு, 2022-ல், ஹூ குழுவினர் நண்டு, இறால் ஓடுகளிலிருந்து வரும் கைட்டோசானைத் துத்தநாக மின்கலத்துக்குப் பயன்படுத்தினர். அந்த மின்பகுளி மண்ணில் ஐந்து மாதங்களில் மக்கிப்போயிற்று. உலோகம் மட்டும் மிஞ்சியது. இங்கே லிதியம் இல்லை, துத்தநாகம். துத்தநாகம் ஈரத்தைப் பொறுத்துக்கொள்ளும். ஆகவே இது நம் பழைய டார்ச் செல்லின் நெருங்கிய உறவு. வீட்டுக் கூரையின் சூரிய மின்சாரத்தைச் சேமிப்பதுபோல, எடை ஒரு பொருட்டாக இல்லாத இடங்களுக்கு இந்த வழி ஏற்றதாகலாம். கைபேசிக்கும் வாகனத்துக்கும் எடை முக்கியம். அங்கே லிதியத்தை விட்டுவிட முடியவில்லை.

இத்தகைய செய்திகளைப் பத்திரிகையில் படிக்கும்போது நாம் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்ப்பது நல்லது. எந்த உஷ்ணநிலையில் இந்த அளவு கிடைத்தது? ஏடு எவ்வளவு உலர்ந்திருந்தது? முழு மின்கலமாகச் செய்து எத்தனை முறை ஏற்றி இறக்கிப் பார்த்தார்கள்? இம்மூன்றுக்கும் விடை சொல்லும் செய்தியை நம்பலாம். புளியங்கொட்டையால் கார் ஓடும் என்று மட்டும் சொல்லும் செய்தியை, அடுத்த செய்தி வரும் வரையில் ஓரமாக வைக்கலாம்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. திடமானது என்பதால் எரியாது என்று பொருள் இல்லை. 2022-ம் ஆண்டு ஏப்ரலில் பாரிஸ் நகரில் பாலிமர் மின்கலம் பொருத்திய பஸ்கள் இரண்டு தீப்பற்றவே, அதே வகையைச் சேர்ந்த 149 பஸ்களை ஓட்டத்திலிருந்து விலக்கி வைத்தனர். லிதிய உலோகமும் எரியும், பாலிமரும் எரியும், ஆவி இல்லாததால் தீ பற்றும் வாய்ப்பு குறையலாமே தவிர, முற்றிலும் மறைந்துவிடாது. அவ்வாறே, செடியிலிருந்து வந்தது என்பதால் முழுவதும் மக்கிப்போகும் என்றும் பொருள் இல்லை. ஏட்டில் கலந்த லிதிய உப்புகளில் பெரும்பாலானவை ஃப்ளோரின் கொண்டவை. அவை மண்ணுக்கு உணவாகா. பிசின் மக்கினாலும், உப்பையும் உலோகத்தையும் திரும்ப எடுத்தே ஆக வேண்டும்.

அப்படியானால் இந்த முயற்சி வீணா? இல்லை. ஏற்கெனவே தாவரப்பொருள் லிதிய மின்கலத்துக்குள் நுழைந்துவிட்டது. செல்லுலோஸைச் சிறிது மாற்றிச் செய்யும் கார்பாக்சி மெத்தில் செல்லுலோஸ் என்னும் பசை, கலத்தின் ஒரு முனையிலுள்ள கிராஃபைட் பொடியைச் செம்புத் தகட்டின் மேல் ஒட்டி நிறுத்தப் பயன்படுகிறது. அதை நீரிலேயே கரைக்கலாம் என்பதால் நச்சுக் கரைப்பான்களின் தேவை அங்கே குறைந்தது. நீரில் கரைத்துப் பூசிய பிறகு நன்றாக உலர்த்திவிடுகிறார்கள். பசையாக உள்ளே வந்த பொருள், ஒரு நாள் வழியாகவும் ஆகலாம் என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை.

இந்தத் துறையில் உழைக்க நம் நாட்டில் இடமும் உண்டு. காரைக்குடியில் வள்ளல் அழகப்பச் செட்டியார் அளித்த நிலத்திலும் நிதியிலும் எழுந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு 1948-ம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பட்டது. 1953-ம் ஆண்டில் அது திறந்து வைக்கப்பட்டது. லிதிய மின்கல ஆராய்ச்சி இன்று அதன் பணிகளுள் ஒன்று. கொத்தவரை விளையும் ஜோத்பூரிலும், இறால் உரிக்கும் கொச்சியிலும், பருத்தி நெய்யும் அகமதாபாதிலும் வளரும் நம் பிள்ளைகளில் சிலர் ரசாயனம் படிக்கக் கூடும். பெரிய யந்திரங்கள் இல்லாமலே, ஒரு கண்ணாடித் தட்டும் ஒரு பிசினும் கொண்டு தொடங்கக் கூடிய ஆராய்ச்சி இது. ஆனால் முடிவை நம்ப வேண்டுமானால் ஏட்டை நன்றாக உலர்த்தும் பொறுமை வேண்டும்.

அதுவரையில் நம் கையில் இருப்பவை திரவம் நிறைந்த மின்கலங்களே. உப்பிப்போன கைபேசி பாட்டரிக்கு மின்னேற்றம் செய்யக் கூடாது. உழைத்து ஓய்ந்த பாட்டரியைக் குப்பையில் எறியவும் கூடாது. 2022-ம் ஆண்டின் பாட்டரிக் கழிவு விதிகளின்படி அவற்றைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது. கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பு நம்முடையது.

துத்தநாகக் குவளைக்குள் மாக்கூழை ஊற்றியவர்கள், கையில் எடுத்துச் செல்லக்கூடிய விளக்கை நமக்குத் தந்தார்கள். அந்தக் கூழை உலர்த்தியும் ஓடவைக்கக் கற்றவர்கள், வீட்டுக்குள் இரவில் அச்சமின்றி மின்னேற்றம் செய்யக்கூடிய வண்டியை நமக்குத் தருவார்கள்.